பியானோ மிஸ்ஸிடம் நான் சொன்ன பொய்

1.
இது மருத்துவ த்ரெட் இல்லை. தினமும் பியானோ பிராக்டிஸ் பண்ண நான் பட்ட பாடு பத்தின த்ரெட். ஆனா சுத்தி வளைச்சு ஒரு சர்க்கரை நோயாளியோட கால் விரல்லதான் போய் நிக்கும். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

2.
எனக்கு வயசு 47. ஈரோடு பக்கம் ஒரு சின்ன ஊர்ல 19 வருஷமா பொது மருத்துவம் பார்க்கிறேன். மூணு வருஷம் முன்னாடி மகள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனாள். அவள் வாசிச்ச டிஜிட்டல் பியானோ ஹால்ல பெட்ஷீட் போர்த்தி நின்னுச்சு. கொஞ்ச நாள்ல அது மேல அயர்ன் பண்ண வேண்டிய துணியெல்லாம் சேர ஆரம்பிச்சது. விக்கவும் மனசு வரல, பார்க்கவும் மனசு வரல. ஒரு நாள் துணியை எடுத்துப் போட்டுட்டு உட்கார்ந்தேன். நாமளே கத்துக்கிட்டா என்ன?

3.
மகளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே டீச்சர்கிட்டயே சேர்ந்தேன். என்னைவிட 20 வயசு சின்னவங்க. அவங்க என்னை "மேடம்"ம்பாங்க, நான் அவங்களை "மிஸ்"ம்பேன். சனிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு கிளாஸ். முதல் ரெண்டு மாசம் பறந்தது. சி மேஜர் ஸ்கேல்ல மூணாவது விரலுக்கு அடியில கட்டைவிரலை நுழைக்கிற வித்தை கைக்கு வந்த அன்னைக்கு, முதல் பிரசவம் பார்த்த நாள் மாதிரி சந்தோஷம்.

4.
மூணாவது மாசம் மினுவெட் இன் ஜி கொடுத்தாங்க. பாக் தன் ரெண்டாவது மனைவி அன்னா மக்தலேனாவுக்காக 1725-ல் ஆரம்பிச்ச நோட்டுப் புத்தகத்தில் இருக்கிற குட்டி நடன இசை. ரொம்ப காலம் பாக் எழுதினதாவே எல்லாரும் நம்பினாங்க. கிறிஸ்டியன் பெட்ஸோல்ட் எழுதினதுன்னு 1970-களில்தான் தெரிய வந்தது. மொத்தம் 32 பார். கேட்டா குழந்தைப் பாட்டு மாதிரி இருக்கும். ரெண்டு கையும் சேர்த்து வாசிச்சுப் பார்த்தாத்தான் தெரியும்.

5.
அதுவும் அந்த மோதிர விரல்! உள்ளங்கையை மேஜை மேல வைங்க. நடுவிரலை மட்டும் உள்பக்கம் மடக்கிக்குங்க. இப்ப மோதிர விரலைத் தூக்குங்க. வராது. விரல்களை நீட்டுகிற தசைநாண்கள் புறங்கையில் ஒண்ணோடொண்ணு இணைஞ்சிருக்கு. மோதிர விரல்ல அந்தப் பிணைப்பு அதிகம். முதல் வருஷ அனாட்டமியில படிச்சு மார்க் வாங்கினதுதான். ஆனா அதோட அர்த்தம் 44 வயசுலதான் புரிஞ்சது.

6.
அங்கதான் ஆர்வம் இறங்க ஆரம்பிச்சது. ஓ.பி. முடிஞ்சு வீட்டுக்கு வர ராத்திரி 9 ஆகும். சாப்பிட்டா கண்ணு சொக்கும். "நாளைக்குச் சேர்த்து ஒரு மணி நேரம் உட்காரலாம்." அந்த நாளைக்கு வரவே இல்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி அவசரமா 40 நிமிஷம் வாசிப்பேன், பரீட்சைக்கு முந்தின நாள் மாதிரி. சனிக்கிழமை மிஸ் முன்னாடி அதே இடத்துல தடுக்கும்.

7.
ஒரு சனிக்கிழமை அந்த வெள்ளிக்கிழமை 40 நிமிஷமும் இல்லை. மிஸ்ஸுக்கு வாட்ஸ்அப் போட்டேன்: "சாரி மிஸ், எமர்ஜென்சி கேஸ்." எமர்ஜென்சியும் இல்லை, கேஸும் இல்லை. நான் சோபால உட்கார்ந்து முறுக்கு சாப்பிட்டுக்கிட்டிருந்தேன். அடுத்த வாரமும் அதே பொய். நாலு வாரம் ஆச்சு. அஞ்சாவது வாரம் பொய் சொல்லக்கூட வெட்கமா இருந்ததால மெசேஜே போடல. பியானோ மேல மறுபடியும் துணி சேர ஆரம்பிச்சது.

8.
அந்தச் சமயத்துலதான் அவர் வந்தார். (அவர் அனுமதியோட, ஆள் அடையாளம் தெரியாத மாதிரி எழுதுறேன்.) டீக்கடை வெச்சிருக்கிறவர், வயசு 54, பத்து வருஷ சர்க்கரை. மாசாமாசம் வந்துக்கிட்டிருந்தவர் எட்டு மாசமா வரவே இல்லை. வந்தப்ப வலது காலில் கட்டு. செருப்பு கடிச்ச புண். பாதத்துல உணர்ச்சி குறைஞ்சு போனதால வலியே தெரியல. தெரிஞ்சப்ப சீழ் வெச்சு ரெண்டாவது விரல் கறுத்திருந்தது.

9.
"ஏன் இத்தனை மாசமா வரல?"ன்னு கத்தினேன். ஆமா, கத்தினேன். அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னார்:

"தினம் அரை மணி நேரம் நடக்கச் சொன்னீங்க டாக்டரம்மா. நடக்க முடியலீங்க. நடக்கலைன்னு சொன்னா சத்தம் போடுவீங்க. அடுத்த மாசத்துல இருந்து நடந்துட்டு அப்புறமா வரலாம்னு இருந்தேனுங்க. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல்ல மாத்திரை வாங்கிக்கிட்டேன்."

10.
எனக்கு அந்த நிமிஷம் மிஸ்ஸோட முகம்தான் ஞாபகம் வந்தது. "கொஞ்சம் பிராக்டிஸ் பண்ணிட்டு அப்புறமா கிளாஸுக்குப் போலாம்." அவர் சொன்ன அதே வார்த்தை. நான் கிளாஸை விட்டதால யாருக்கும் ஒண்ணும் ஆகல. அவர் விட்டதால சர்ஜரிக்கு அனுப்ப வேண்டியதாச்சு. அந்த விரலை எடுத்தாங்க.

11.
யோசிச்சுப் பார்த்தேன். 19 வருஷமா எத்தனை சீட்டில் "தினமும் 30 நிமிடம் நடக்கவும்" எழுதியிருப்பேன்! செய்யாதவங்களை எல்லாம் சோம்பேறி, அக்கறை இல்லாதவர்னு மனசுக்குள்ள முத்திரை குத்தியிருக்கேன். காலை 4 மணிக்குக் கடை திறந்து ராத்திரி 9 மணி வரைக்கும் நிக்கிற மனுஷன்கிட்ட அரை மணி நேரம் எங்கிருந்து வரும்னு ஒரு தடவை கூடக் கேட்டதில்லை. ஏ.சி. ஹால்ல, வீட்டுக்குள்ளேயே இருக்கிற பியானோவில் 15 நிமிஷம் உட்கார என்னால முடியல.

12.
அந்த வார சனிக்கிழமை மிஸ் வீட்டுக்கு நேர்ல போனேன். "எமர்ஜென்சி எதுவும் இல்ல மிஸ். பிராக்டிஸ் பண்ணல. வர வெட்கமா இருந்தது." அவங்க சிரிச்சாங்க. "பிராக்டிஸ் பண்ணாத வாரம்தான் மேடம் கண்டிப்பா கிளாஸுக்கு வரணும். பண்ணின வாரம் நீங்களே சமாளிச்சுக்குவீங்க."

இந்த ஒரு வாக்கியத்தை எனக்கு எந்த மெடிக்கல் காலேஜும் சொல்லித் தரல.

13.
அதுக்கப்புறம் நான் மாத்திக்கிட்ட விஷயங்களைச் சொல்றேன். பியானோ இல்லாதவங்க அந்த இடத்துல நடை, யோகா, படிப்பு எதை வேணா போட்டுக்கலாம்.

முதல்ல, பெட்ஷீட்டைத் தூக்கிப் போட்டேன். ஹெட்போன் எப்பவும் சொருகியே இருக்கும், நோட்டு அந்தப் பக்கத்துலயே திறந்திருக்கும். உட்கார்ந்து சுவிட்சைப் போட்டா வேலை ஆரம்பம். தூசி படியுது, தினம் ஒரு தடவை துடைச்சா போச்சு.

14.
ரெண்டாவது, நேரத்தை ராத்திரியிலிருந்து காலைக்கு மாத்தினேன். "6 மணி"ன்னு வைக்கல. "பால் அடுப்புல வெச்சதும்"னு வெச்சேன். மணி தவறும், பால் காய்ச்சுறது எந்த வீட்டிலும் தவறாது. (பால் ரெண்டு தடவை பொங்கி வழிஞ்சது. இப்ப அடுப்பைக் குறைச்சு வைக்கிறேன்.)

15.
மூணாவது, அளவைக் குறைச்சேன். ஒரு நாளைக்குக் கட்டாயம் 4 பார் மட்டும். ரெண்டு மூணு நிமிஷ வேலை. பெரும்பாலான நாள் உட்கார்ந்த பிறகு 15, 20 நிமிஷம் தானா ஓடும். ஓடாத நாள் 4 பாரோட எழுந்துடுவேன், குற்ற உணர்ச்சி இல்லாம. "மனசு வந்தா உட்காரலாம்"னு காத்திருந்த காலம் போச்சு. உட்கார்ந்தாத்தான் மனசு வருது.

16.
நாலாவது, தினமும் முதல்ல இருந்து வாசிக்கிறதை நிறுத்தினேன். முதல் 8 பாரை நூறு தடவை வாசிச்சு, பின்பாதிக்கு வர்றதுக்குள்ள களைச்சுப் போவேன். முன்பாதி தேன், பின்பாதி தடுமாற்றம். இப்ப நேரா தடுக்கிற இடத்துக்குப் போறேன். ஒரு கை மட்டும், அப்புறம் மறு கை, அப்புறம் ரெண்டும் சேர்த்து, தப்பே வராத அளவுக்கு மெதுவா. வேகமா தப்பா வாசிச்சா, கை அந்தத் தப்பையும் சேர்த்துத்தான் பழகிக்கும்.

17.
அஞ்சாவது, தூக்கத்தை நம்பினேன். 2002-ல் வந்த ஒரு ஆய்வில், விரல்களால் ஒரு வரிசையைத் தட்டப் பழகினவங்க, ராத்திரி தூங்கி எழுந்ததும், மேல பயிற்சி எதுவும் இல்லாமலேயே சுமார் 20% வேகமா தட்டினாங்க. அதுல தூக்கத்தோட பங்கு எவ்வளவு, ஓய்வோட பங்கு எவ்வளவுன்னு பின்னாடி விவாதம் நடந்தது. ஆனா நேத்து வராத பார் இன்னைக்குக் காலையில் சட்டுனு வர்ற அனுபவம் எனக்கு நிறைய. வாரம் ஒரு நாள் 2 மணி நேரத்தைவிட தினம் 15 நிமிஷம் மேல். நடுவுல ஏழு ராத்திரி கிடைக்குதே!

18.
ஆறாவது, தினசரி காலண்டர் தாளைக் கிழிக்கிறதுக்கு முன்னாடி, வாசிச்ச நாளா இருந்தா ஒரு பென்சில் டிக். விட்டுப்போன நாளைப் பத்தி ஒரே ஒரு விதி: ஒரு நாள் விடலாம், ரெண்டாவது நாள் விடக்கூடாது.

"21 நாள் செஞ்சா பழக்கமாயிடும்"னு ஃபார்வேர்டு வருமே, அதோட வேர் மேக்ஸ்வெல் மால்ட்ஸ்ங்கிற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் எழுதின புத்தகம். ஆபரேஷனுக்குப் பிறகு தன் புது முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைஞ்சது 21 நாள் போல ஆகுதுன்னு அவர் கவனிச்சார். அது பிராக்டிஸ் பத்தின கணக்கே இல்லை.

19.
லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வெச்சு செஞ்ச ஆய்வு 2010-ல் வெளிவந்தது. ஒரு செயல் யோசிக்காம தானா நடக்கிற பழக்கமா மாற சராசரியா 66 நாள். ஆளுக்கு ஆள் 18-லிருந்து 254 நாள் வரை. தண்ணி குடிக்கிற மாதிரி சுலபமான பழக்கம் சீக்கிரம் ஒட்டிக்கும், உடற்பயிற்சிக்கு நாளாகும். எனக்குப் பிடிச்ச விஷயம் வேற: நடுவுல ஒரு நாள் விட்டதால பெரிய பாதிப்பு இல்லை. 21-ம் நாள் ஒட்டலைன்னா "நமக்கு ராசியில்ல"ன்னு கைவிட்டுடாதீங்க.

20.
டாக்டரா ஒரு எச்சரிக்கை. பிராக்டிஸ்ல விரல், மணிக்கட்டு வலிச்சா நிறுத்துங்க. வலியைத் தாங்கறது விடாமுயற்சி இல்லை. பெரிய பியானோ கலைஞரா வர ஆசைப்பட்ட ராபர்ட் ஷூமன், இருபது வயசை ஒட்டிய காலத்திலேயே வலது கைப் பிரச்சினையால அந்தக் கனவை விட வேண்டி வந்தது. காரணம் என்னன்னு மருத்துவர்கள் இன்னும் வாதாடுறாங்க. அவர் இசையமைப்பாளரா ஜெயிச்சார். நமக்கு நாளைக்கு ஓ.பி.யில் எழுத அந்தக் கை வேணும்.

21.
டீக்கடைக்காரருக்கு வருவோம். புண் ஆறும் வரைக்கும் நடக்கவே வேண்டாம்னு சொல்லி, உட்கார்ந்த இடத்துல செய்யற பயிற்சி மட்டும் கொடுத்தோம். ஆறின பிறகு எம்.சி.ஆர். செருப்பு. சீட்டில் "30 நிமிடம்" எழுதல. "மதியம் கடையில கூட்டம் குறைஞ்சதும் பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிட்டு வாங்க. போக முடியலைன்னா ராத்திரி செருப்பைக் கழட்டுறப்ப பாதத்தையாவது பாருங்க"ன்னு எழுதினேன். கீழே கொட்டை எழுத்துல: "எதுவும் செய்யாத மாசம் கண்டிப்பா வரவும்."

22.
போன மாசம் வந்தார். உட்காரும்போதே, "இந்த மாசம் ஒம்பது நாள்தான் நடந்தேனுங்க"ன்னார். சர்க்கரை முழுசா கட்டுக்குள்ள வந்துடுச்சுன்னு பெருமை அடிக்க மாட்டேன், வரல. போன விரலும் திரும்பி வராது. ஆனா வராம இருக்கிறதில்லை. பாதத்துல ஒரு சின்னக் கீறலை அவரே பார்த்துட்டு மறுநாளே ஓடி வந்தார். அது மூணே வாரத்துல ஆறிடுச்சு.

23.
நான்? அந்த 32 பாரை முழுசா வாசிக்க ஏழு மாசம் ஆச்சு. தீபாவளிக்கு வந்த மகள் கேட்டுட்டு, "அம்மா, பின்பாதியில இடது கை ஓடுது"ன்னாள். ஓடினா ஓடட்டும். ரெண்டு வருஷம் முன்னாடி அந்தக் கை துணி மடிச்சுக்கிட்டிருந்தது.

24.
கடைசியா ஒண்ணு. மாத்திரை விட்டுட்டீங்க, நடக்கல, டயட்டை மீறிட்டீங்க, டாக்டர் திட்டுவார்னு பயமா இருக்கா? அந்த மாசம்தான் நீங்க கட்டாயம் போகணும். "செய்ய முடியல டாக்டர்"னு உண்மையைச் சொல்லுங்க. அதுக்கும் திட்டற டாக்டரா இருந்தா, இந்த த்ரெட்டை அவருக்கு அனுப்பி வைங்க. நானும் அப்படி இருந்தவதான்.

பால் வெச்சிருக்கேன். 4 பார் வாசிச்சுட்டு வர்றேன்.