உம்மா அறியாத செடி

முசலிப் பக்கத்து வளவுகளில் நடாமல் முளைப்பவை அதிகம். மாரி மழை இரண்டு விழுந்தால் போதும். குப்பைமேனி, நாயுருவி, தும்பை, கீழ்க்காய்நெல்லி என்று நிலம் தானாகவே நிரம்பிவிடும். இவற்றுக்கெல்லாம் பெயர் சொல்ல எங்கள் வீட்டில் உம்மா இருக்கிறார். புத்தளத்தில் அகதிகளாக இருந்த இருபது வருடத்திலும் அவர் ஒரு பெயரையும் மறக்கவில்லை.

அப்படிப்பட்டவர் சென்ற மாரியில் கிணற்றடியில் முளைத்திருந்த ஒன்றைப் பார்த்துவிட்டு, "இது நம்மட ஊர்ச் செடி இல்ல மகன்" என்றார்.

தரையோடு தட்டையாக, கரட் இலை போலப் படர்ந்திருந்தது. பக்கத்து வீட்டு மச்சான் செவ்வந்தி என்றார். மனைவி மாசிப்பத்திரி என்றாள். கசக்கி முகர்ந்தால் அந்த வாசம் இல்லை. இலை ஏமாற்றும், பூவைப் பார்த்துத்தான் இனம் சொல்ல வேண்டும் என்று ஆசிரிய கலாசாலையில் எங்கள் விஞ்ஞான விரிவுரையாளர் சொல்வார். ஒரு மாதம்போல் சென்றபின் தண்டு நிமிர்ந்து, நுனியெங்கும் சிறு வெள்ளைப் பூக்கள் வந்தன. கைவில்லையில் பார்த்தேன். ஒவ்வொரு பூவிலும் ஐந்து மூலைகள்.

ஒரு பூக்காம்பை உறையிலிட்டு விவசாயப் போதனாசிரியரிடம் கொண்டுபோனேன். பார்த்த மாத்திரத்தில் "பார்த்தீனியம் சேர்" என்றார். பூக்குமுன் பிடுங்கிவிட வேண்டுமாம். பூத்தால்தானே எங்களைப் போன்றவர்களுக்குப் பெயர் தெரிகிறது!

இது அமெரிக்கக் கண்டத்துச் செடி. இந்தியாவில் 1950களில் பரவத் தொடங்கியது. 1980களின் இறுதியில் இந்திய அமைதிப் படையின் உணவுக்கெனக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு இங்கு வந்ததாகச் சொல்வார்கள். வவுனியாவில் இனங்காணப்பட்டது 1999 இல். நாங்கள் வெளியேற்றப்பட்டதோ 1990 ஒக்டோபரில். அப்போது எனக்குப் பத்து வயது. எங்கள் வளவைப் பற்றிய உம்மாவின் அறிவு அந்த ஒக்டோபரோடு நின்றுவிட்டது. ஆளில்லாத காலத்தில் வந்ததற்கு அவரிடம் எப்படிப் பெயர் இருக்கும்?

"ஆக்கிரமிப்புத் தாவரம்" என்ற சொல்லைக் கேட்டபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. மீளக் குடியேறிய எங்களையும் வில்பத்துக் காட்டை ஆக்கிரமித்தவர்கள் என்று 2015 இல் சிலர் எழுதினார்கள். என்றாலும் இந்தச் செடிக்காக வாதாட நான் தயாரில்லை. தொட்டால் சிலருக்குத் தோல் தடித்துச் சொறியும். மாடு தின்றால் பால் கசக்கும். மகரந்தம் இழுப்பைத் தூண்டும். என் இளைய மகளுக்கு இழுப்பு உண்டு. ஒரே செடி 15,000க்கு மேல் விதை தரக்கூடியது. அவை காற்றிலும் நீரிலும் சில்லில் ஒட்டிய சேற்றிலும் ஊர் தாண்டும். கிணற்றுக் கட்டுக்கு மண் ஏற்றிவந்த உழவு இயந்திரத்தின் மேல்தான் என் சந்தேகம்.

சொப்பிங் பைகளைக் கையுறையாகக் கட்டிக்கொண்டு, மண் ஈரமாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கி உரப்பைக்குள் அமுக்கினோம். மகளை அன்று உம்மும்மாவோடு உள்ளே இருத்தினோம்.

உம்மாவிடம் பெயரைச் சொன்னேன். வாயில் வரவில்லை.

"எப்ப வந்த மகன் இது?"

"நாம போன பிறகு உம்மா."

அவர் ஒன்றும் பேசவில்லை. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வேலியோரமாகக் குனிந்து பார்த்தபடி நடந்தார். அங்கே இன்னும் மூன்று கன்றுகள் நின்றன.