ஓசையும் மௌனமும்

தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டைச் சாலையில் பழைய புல்லட் வருமானால், கண் காணுமுன்னே காது அறிந்துவிடும். 1955-ல் சென்னையில் தோன்றிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் வார்ப்பிரும்பு எஞ்சின் அது. கேம் சுழன்று டாப்பெட்டை உயர்த்த, டாப்பெட் புஷ்ராடைத் தள்ள, ராக்கர் வால்வைத் திறக்கும்.

வீட்டிலேயே புஷ்ராடு மாற்றுவது இயலாத காரியமன்று. பெட்ரோல் டாங்கியை இறக்கி, ராக்கர்களைக் கழற்றினால் புஷ்ராடு மேலே வந்துவிடும். கண்ணாடிப் பலகையில் உருட்டினால் வளைந்தது தள்ளாடும். புதியதைப் பொருத்தியபின் டாப்பெட்டைச் சரிசெய்வதே முக்கியம். எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். வால்வுகள் இரண்டும் மூடியிருக்க வேண்டும். புஷ்ராடு விரலுக்குத் தடையின்றிச் சுழல வேண்டும். ஆயினும் மேலும் கீழும் ஆடலாகாது.

'டக் டக்' ஓசை பொறாமல் இன்னும் சற்றே இறுக்குவோர் பலர். ஓசை அடங்கும், ஆனால் வால்வு முழுமையாக மூடாது. கொதிக்கும் புகை அவ்விடுக்கில் கசிந்து வால்வின் விளிம்பை எரிக்கும். தளர்ந்த டாப்பெட் தன் குறையை முறையிடும். இறுகியதோ மௌனமாகவே அழிவு செய்யும்.

2009-ல் வந்த கிளாசிக் 350-ல் எண்ணெயின் அழுத்தமே இடைவெளியைச் சரிசெய்தது. 2023-ன் புதிய புல்லட்டில் புஷ்ராடே இல்லை. பழைய வண்டிக்கோ நம் விரல்தான் அளவுகோல்.

இல்லத்திலும் முறையிடும் குரலை அடக்கிவிட்டு, அமைதி நிலவுகிறதென மகிழ்வோர் உண்டு. அன்பர்களே, ஓசை நின்றதும் மகிழ்ந்துவிடாதீர்கள். கிக்கரை மெல்ல மிதித்துப் பாருங்கள். எதிர்ப்பு தளர்ந்திருந்தால், அந்த அமைதி நலமன்று.