மூன்று மீன்களும் பாலையூற்று அன்ரியும்



ஐஸ்லாந்தின் ரெய்க்கியாவிக் துறைமுகத்திலிருந்து திருகோணமலை ஊரவர்களுக்கு எழுதுகிறேன். நவம்பர் கடைசி. காலை பத்து மணிக்கு மேல்தான் வெளிக்கிறது. பிற்பகல் நாலு மணிக்கெல்லாம் திரும்ப இருட்டு. நான் வேலை செய்யும் மீன் ஆலையில் நாள் முழுக்க விளக்கு எரியும்.

போன கிழமை, மேசைக்கு எதிர்ப்பக்கம் நிற்கும் ஐஸ்லாந்துப் பெண்ணிடம் மூன்று மீன் கேட்டேன். ஈசா என்ற வெள்ளைச் சதை மீன். ‘த்ரீர் ஈசுர்’ என்றேன். அவள் மீன்களைத் தள்ளிவிட்டபடியே, ‘த்ரியவுர் ஈசுர்’ என்று மெல்லச் சொன்னாள். ஈசா பெண்பால். அதன் முன்னே வரும் மூன்றும் பெண்ணாக வேண்டும். பக்கத்துத் தொட்டியில் கிடந்த தொர்ஸ்குர் மீன் ஆண்பால், அதற்குத்தான் ‘த்ரீர்’. வெளியே கட்டியிருந்த கப்பல்கள் இரண்டுமல்லாத நடுப்பால். அவை ‘த்ரியூ ஸ்கிப்’. ஒன்றிலிருந்து நாலுவரை எண்கள் இப்படி உருமாறும். ஐந்தில் நின்றுவிடும்.

பெயரடைகளோ ஓரிடத்திலும் நிற்பதில்லை. நல்ல பகல், நல்ல மாலை, நல்ல இரவு என்று வாழ்த்துகிறோம் என்று வையுங்கள். இவர்கள் ‘கோதன் தாயின்’ என்பார்கள், ‘கொஹ்த் க்வொல்த்’ என்பார்கள், ‘கோதா நோஹ்த்’ என்பார்கள். மூன்றிலும் முதற்சொல் அதே ‘நல்ல’தான். பகல் ஆண், மாலை நடு, இரவு பெண் என்பதால் மூன்று வேடம். மூன்று பால், ஒருமை பன்மை, நாலு வேற்றுமை என்று பெருக்கினால் ஒரு பெயரடைக்கு இருபத்துநாலு இடம். இது வலிய வாய்பாடு. மெலியது என்று இன்னொன்றும் உண்டு. கேட்பவருக்குத் தெரியாத ஏதோ ஒரு பழைய வள்ளம் என்றால் ‘கமட்ல் பௌதுர்’. இருவரும் அறிந்த அந்தப் பழைய வள்ளம் என்றால் ‘கம்லி பௌதுரின்’. ‘அந்த’ என்பது பெயரின் வாலில் போய் ஒட்டிக்கொள்ள, ‘பழைய’ என்ற சொல்லும் கூடவே மாறிவிடுகிறது.

தமிழில் ‘நாலு பழைய வள்ளங்களுக்கு’ என்கிறோம். கடைசிச் சொல்லில் ஒரே ஒரு ‘கு’. முன்னே நிற்கும் இரண்டும் அசையாது. ஐஸ்லாந்தியில் அது ‘ஃபியோரும் கொம்லும் பௌதும்’. மூன்று சொல்லும் தனித்தனியே வேற்றுமை ஏற்கின்றன. இரவில் நம் உள்துறைமுகத்தில் வரிசையாகப் போகும் வள்ளங்களை நினைத்துப் பாருங்கள். தமிழில் கடைசி வள்ளத்தில் மட்டும் விளக்கு. இங்கே எல்லா வள்ளத்திலும்.

தமிழுக்கு இந்த வழக்கம் அடியோடு இல்லை என்றும் சொல்ல முடியாது. பெயருக்கு முன்னே ‘நல்ல’ அசையாமல் நிற்கும். தனியே வந்தால் நல்லவன், நல்லவள், நல்லது என்று திணையும் பாலும் காட்டும். ஒருவன், ஒருத்தி, ஒன்று என்பதும் அப்படித்தான். ஐஸ்லாந்தியில் அவை எய்ட்ன், எய்ன், எய்ஹ்த். இதைக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்தப் பாடங்களோடு மல்லுக்கட்டும் நேரத்தில்தான் நம் ஊரின் பாலையூற்று அன்ரி நினைவுக்கு வந்தார். என் அக்காவுக்குச் சட்டை தைத்துத் தந்த, போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கி அன்ரி. எங்களோடு தமிழில் கதைப்பார். அவருடைய தமக்கை வந்துவிட்டால் தையல் மெசினை நிறுத்திவிட்டு இருவரும் வேறொரு பாஷையில் சிரித்துச் சிரித்துக் கதைப்பார்கள். அது என்ன பாஷை என்று ஒருநாள் கேட்டேன். “எங்கட உடைஞ்ச போர்த்துக்கீசம் பிள்ளை” என்றார். பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவரும் அதையே சொன்னார். நானும் அதை அப்படியே நம்பி வளர்ந்தேன்.

போர்த்துக்கீசர் 1620களில் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லில் கோட்டை கட்டியது நம் ஊருக்குத் தெரிந்த கதை. 1639இல் டச்சுக்காரர் அதைப் பிடித்தார்கள். 1658இல் போர்த்துக்கீசரின் ஆட்சி தீவு முழுவதிலும் முடிந்தது. அவர்களுடைய பேச்சு மட்டும் போகவில்லை. கிழக்குக் கரையில், மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும், தச்சரும் கொல்லரும் தையற்காரருமான குடும்பங்கள் அதை வீட்டுக்குள் வைத்துக் காத்தன.

நாம் இருக்கும் கதிரை அவர்கள் தந்த சொல். சப்பாத்தும் குசினியும் பாணும் வாங்கும் அப்படியே வந்தவை. போர்த்துக்கீசத்தில் கதிரை பெண், சப்பாத்து ஆண். அங்கே நல்ல கதிரை என்றால் ‘போவா’, நல்ல சப்பாத்து என்றால் ‘போம்’. தமிழுக்குள் வந்ததும் இரண்டும் அஃறிணை ஆயின. ‘நல்ல’ ஒன்றே இரண்டுக்கும் போதுமானது. பாலையூற்றுப் பேச்சிலும் இதுவே நடந்தது. பெயருக்கு ஏற்ப ஆண்வடிவம் பெண்வடிவம் எடுத்த பெயரடைகள் பெரும்பாலும் ஒரே வடிவத்தில் நின்றன.

உதிர்ந்ததைப் பார்த்து ‘உடைந்தது’ என்றவர்கள் முளைத்ததைப் பார்க்கவில்லை. போர்த்துக்கீசத்தில் பெயருக்கு முன்னே வரும் ‘பாரா’ பாலையூற்றுப் பேச்சில் ‘பா’ என்று சுருங்கி, நம் ‘கு’ போலப் பெயருக்குப் பின்னே உருபாக ஒட்டியது. வினைச்சொல் தமிழில் போல வாக்கியத்தின் கடைசிக்குப் போனது. 1970களில் மட்டக்களப்பில் இந்த மொழியை ஆராய்ந்த இயன் ஸ்மித் இதை விரிவாக எழுதியிருக்கிறார். பல சனம் கூடும் துறைமுகத்தில், தமிழரோடு வேலியைப் பகிர்ந்து முந்நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்த ஒரு பேச்சு, தமிழின் கட்டில் தன்னைப் புதிதாகக் கட்டிக்கொண்டது. அதற்கும் இலக்கணம் உண்டு. தவறாகப் பேசினால் அன்ரி என்னைத் திருத்தியிருப்பார், மீன் மேசைப் பெண் திருத்தியதுபோல.

ஐஸ்லாந்துக்கு வாய்த்தது வேறு. நாலு லட்சத்துக்கும் குறைந்த சனம், சுற்றிக் கடல். அண்டை நாடுகளான நார்வே, டென்மார்க்கின் துறைமுகங்களில் ஜெர்மன் வணிகர் வந்து குவிந்தார்கள். அங்கே பழைய வேற்றுமைகள் ஏறக்குறைய எல்லாம் போயின. இங்கே நிலைத்தன. நிலைத்ததைப் பள்ளியும் அரசும் கவனமாகக் காக்கின்றன. அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். இங்கேயும் ஏச்சு உண்டு. ‘என்னை ஆசைப்படுத்துகிறது’ என்ற பொருளில் இரண்டாம் வேற்றுமையில் சொல்ல வேண்டியதை ‘எனக்கு ஆசை’ என்று நாலாம் வேற்றுமையில் சொல்வதற்கு ‘நாலாம் வேற்றுமை நோய்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழன் பிறந்த நாள் முதல் சொல்லும் ‘எனக்கு’ இங்கே நோய். ஒரு பேச்சை நோய் என்றும் உடைசல் என்றும் சொன்னால், அதைப் பேசுகிறவர் பிள்ளைகளிடம் அதைப் பேசக் கூசுவார். பாலையூற்றில் நடந்தது அதுதான். அன்ரி தன் பிள்ளைகளோடு தமிழும் கொஞ்சம் இங்கிலிஷும்தான் கதைத்தார்.

2010களில் லிஸ்பன் பல்கலைக்கழகத்து ஹூகோ கார்டோசோவும் அவரோடு இருந்தவர்களும் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் இந்தப் பேச்சை ஒலிப்பதிவு செய்தார்கள். அது பெரிய காரியம். ஆனால் காப்பகத்தில் இருக்கும் குரலோடு பேரப்பிள்ளை கதைக்க முடியாது.

ஊரில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பாலையூற்றில் இந்தப் பேச்சைப் பேசும் முதியவர் யாரையாவது தெரிந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போய் அவர் பக்கத்தில் இருங்கள். நல்ல பகலுக்கும் நல்ல இரவுக்கும் அவர் என்ன சொல்வார் என்று கேட்டுத் திருப்பிச் சொல்லிப் பழகுங்கள். பறங்கிக் குடும்பங்களின் இளம்பிள்ளைகளே, முதலில் நீங்கள் போங்கள். ‘உடைஞ்ச’ என்ற சொல்லை மட்டும் அந்தத் திண்ணைக்குக் கொண்டுபோக வேண்டாம்.