முற்றத்து மல்லிகை

மலர்களை இலக்கியத்தில் படித்து மகிழ்வது வேறு. மண்ணில் வளர்த்து அறிவது வேறு. இவ்வேறுபாட்டை எனக்குக் கற்பித்தது எங்கள் வீட்டு முற்றத்தில் நின்ற குண்டுமல்லிச் செடி.

மதுரையை அடுத்த சிற்றூர் எங்களுடையது. மதுரை மல்லிகைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2013ஆம் ஆண்டில்; அதன் மணமோ அதற்கு நெடுங்காலம் முன்பே ஊரறிந்தது. செம்மண்ணும் நல்ல வெயிலும் கிடைத்தால் அச்செடி செழிக்கும். வேரடியில் நீர் தேங்கினால் மட்டும் பொறுக்காது.

ஆண்டு முழுவதும் பசுமை மாறாத செடி அது. அப்பசுமையே என்னை ஏமாற்றியது. கல்லூரியில் பயின்ற காலத்தில் அதற்கு நீர் வார்த்தவன் நான். மார்பளவு உயர்ந்து அடர்ந்து நின்றதைக் கண்டு பெருமிதம் கொண்டிருந்தேன். கார்த்திகை மாதத்துக் காலையொன்றில் அம்மா அரிவாளுடன் வந்தார். ஒரு முழ உயரம் மட்டும் நிறுத்திக் கிளைகள் அனைத்தையும் வெட்டிச் சாய்த்தார். எஞ்சிய இலைகளையும் உருவிப் போட்டார்.

“பாடுபட்டு வளர்த்த செடியை இப்படியா அழிப்பது அம்மா?” என்று சினந்தேன்.

“பழைய கொம்பு இலையைத்தான் காட்டுமப்பா. புதுத் தளிரில்தான் மொட்டு வைக்கும். பங்குனியில் வந்து பார்” என்றார்.

இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. பங்குனியில் தளிர் நுனிதோறும் மொட்டுகள் திரண்டன. அந்தி சாய்ந்து அவை இதழ் விரித்தபோது தெருவே மணத்தது. அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாரேயன்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அம்மா மறைந்தபின் பாகப்பிரிவினையில் அவ்வீடு விலைபோயிற்று. குண்டுமல்லி விதையால் பெருகும் செடியன்று. கொம்பைப் பதியமிட்டு அதனை வளர்க்கலாம். வீட்டை ஒப்படைக்கச் சில மாதங்கள் இருந்தன. தாழ்ந்த கொம்பொன்றை வளைத்து, கணுவருகே பட்டையைச் சிறிது கீறி, மண்ணில் புதைத்து மேலே கல் வைத்தேன். வேர்விட்டதும் தாய்ச்செடியினின்று அறுத்தெடுத்துப் புதுவீட்டில் நட்டேன். பழைய முற்றம் இன்று சிமெண்டுத் தளமாகிவிட்டது.

புதுவீட்டுச் செடி தழைத்தது. ஆயினும் மூன்று கார்த்திகைகள் வந்து போயின; அரிவாளை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அம்மாவின் எச்சமாக நிற்பதை எவ்வாறு வெட்டுவது? இலை பெருகியது, பூ அருகியது. அன்பினால் அச்செடியை மலடாக்கிக்கொண்டிருந்தேன் என்பதை உணரவே எனக்கு அத்தனை காலம் ஆயிற்று. அம்மா எனக்கு விட்டுச்சென்றது செடியை மட்டுமன்று. அதனை வெட்டும் துணிவையுந்தான்.

சென்ற கார்த்திகையில் முழ உயரம் நிறுத்தி வெட்டினேன். என் மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பங்குனியில் வந்து பார் என்று மட்டும் அவளிடம் சொன்னேன்.