வாப்பாவின் புகைச் சான்றிதழ்

வாப்பாவின் ஆட்டோ இம்முறை புகைப் பரிசோதனையில் சித்தியடையவில்லை. 2008இல் நம் நாட்டில் தொடங்கிய திட்டம் இது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் பிரதேச செயலகத்தில் வருடாந்த வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. "இன்றைய உழைப்பும் போச்சு" என்று வாப்பா கோபத்தோடு வீட்டுக்கு வந்தார்.

பெற்றோல் முழுமையாக எரியாவிட்டால் காபனோரொட்சைட்டு அதிகம் வெளியேறும் என்று இரசாயனவியலில் படித்திருந்தேன். அதை மெதுவாகச் சொன்னேன். வாப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் கராஜில் எயார் ஃபில்டரை மாற்றி, காபரேட்டரையும் சுத்தம் செய்தார்கள். சான்றிதழ் கிடைத்தது.

ஒரு வாரத்தின் பின், "பெற்றோலும் கொஞ்சம் மிச்சம் மகள்" என்று சிரித்தார். எரியும் பெற்றோல் குறைந்தால், பூமியைச் சூடாக்கும் காபனீரொட்சைட்டும் குறையும்.

செயலகம் சான்றிதழ் கேட்பது வருடத்துக்கு ஒருமுறைதான். மற்ற நாட்களில் நம்மை யார் கேட்பது? பாடசாலை விடும் ஒன்றரை மணிக்கு, கல்லூரி வாசலில் எத்தனை வாகனங்கள் இஞ்சினை நிறுத்தாமல் காத்து நிற்கின்றன! வாப்பா இப்போது வந்ததும் இஞ்சினை நிறுத்திவிடுகிறார். பின் சீட்டில் இருக்கும் என் தம்பிக்கு இழுப்பு நோய். மற்ற வாப்பாமாரும் நிறுத்தினால் அவன் இருமாமல் வீடு வருவான்.