தோலுக்கு அடியில் மஞ்சள் வயர்

என் கைவேலையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அது நன்றாக இருந்தது. மோசமாக இருந்திருந்தால் அன்றைக்கே பிய்த்து எறிந்திருப்பேன், அக்காவிடம் பொய் சொல்லும் நிலைமையே வந்திருக்காது.

நானும் அக்காவும் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கிய பழைய ஹேட்ச்பேக் கார் அது. இந்தியாவில் புதிய கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம் என்று ஆனது 2019-இல், முன்சீட்டில் பக்கத்தில் உட்காருபவருக்கும் கட்டாயமானது 2021-இல். எங்கள் கார் அதற்கெல்லாம் முந்தையது. அந்தக் காலத்தில் பெரும்பாலும் மேல் ரகத்தில் மட்டும்தான் இரண்டு ஏர்பேக் கொடுத்தார்கள். விலை குறைவான வேறொரு கார் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், ஏர்பேக் உள்ள வண்டிதான் வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக நின்று, தன் பங்கில் கூடுதலாகவே பணம் போட்டாள். வார நாட்களில் அவள்தான் ஓட்டுவாள். கோவையிலிருந்து பொள்ளாச்சி சாலை வழியே பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போய்வருவாள். பக்கத்து சீட்டில் அவள் மகள் இருப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி என் கையில்.

வண்டியை வாங்கும்போதே கியர் பகுதி பார்க்கச் சகிக்காமல் இருந்தது. கியரைப் பிடிக்கும் நாபின் மேல்தோல் உரிந்து கையில் பிசுபிசுத்தது. கியர் ராடைச் சுற்றியிருந்த பூட் உறை மடிப்புக்கு மடிப்பு வெடித்திருந்தது. கன்சோல் பிளாஸ்டிக் முழுக்கச் சாவிக்கொத்துக் கீறல். காரில் ஸ்டியரிங்குக்கு அடுத்து கை அதிகமாகப் போகும் இடம் அதுதான். அவிநாசி சாலை நெரிசலில் இடது கை அங்கேயேதான் கிடக்கும். அந்த இடத்தை என் கையாலேயே புதிதாக்க வேண்டும் என்ற ஆசை ஒரு பிடிவாதமாகவே வளர்ந்தது.

கோவையில் இந்த ஆசை வருவது அதிசயமில்லை. மாருதி 800-இன் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைச் செய்த கரிவரதன் வாழ்ந்த ஊர் இது. செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் அவர் பெயரில்தான் இருக்கிறது. கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் தெருவுக்குத் தெரு லேத் பட்டறைகள். நினைத்ததை இரும்பில் கடைந்து வாங்கிவிடலாம் என்ற தைரியம் இங்கே வளரும் பையன்களுக்குத் தானாகவே வந்துவிடும்.

பூட் உறையை முதலில் எடுத்துக்கொண்டேன். பழையதைக் கழற்றி, தையலைப் பிளேடால் ஒவ்வொன்றாக அறுத்துப் பிரித்தால் நான்கு துண்டுகள் கிடைக்கும். அவற்றை அட்டையில் படிய வைத்து வரைந்தால் அதுவே அச்சு. தையலுக்கென்று ஓரத்தில் கொஞ்சம் விட்டு வெட்ட வேண்டும். ஈரோட்டிலிருந்து வாங்கிவந்த ஆட்டுத்தோல், ஒரு மில்லிமீட்டர் கனம். அதைவிடக் கனமானால் மடிப்பு விழாது, மெல்லியதானால் ஊசி போன துளையிலேயே கிழியும். சாதாரண நூல் வெயிலில் இற்றுவிடும் என்று பாலியஸ்டர் நூல் போட்டேன். முதலில் தைத்தது சற்றுக் குட்டையாகிவிட்டது. மூன்றாம் கியரில் போட்டால் தோல் விறைத்து ராடைப் பின்னுக்கு இழுத்தது. ஓடும்போது கியர் தானாக நழுவிவிடும் ஆபத்து அதில் உண்டு. அதனால் அதை ஒதுக்கிவிட்டு, எல்லா கியரிலும் ரிவர்ஸிலும் தளர்வாக நிற்கும்படி இன்னொன்று தைத்தேன். அக்கா ஓட்டும் வண்டி என்ற நினைப்பு அந்த வேலையில் எனக்கு இருந்தது. பூட் உறையின் இழுப்பில் அவ்வளவு கவனமாக இருந்தவன்தான் பிறகு அவளிடம் பொய்யும் சொன்னேன். இரண்டும் ஒரே ஆள் செய்தவை என்பது இன்றும் எனக்கு உறைக்கிறது.

நாபை லேத்தில் கடையச் சொன்னேன். ராடின் மரை அளவு வண்டிக்கு வண்டி மாறும். எட்டு, பத்து, பன்னிரண்டு மில்லிமீட்டர் என்று விட்டமும், மரையின் இடைவெளியும் பொருந்தாவிட்டால் நாப் ஆடிக்கொண்டே இருக்கும். முழு உலோக நாப் படத்தில் அழகாக இருக்கும். வெயிலில் நிறுத்திய வண்டியில் கை வைத்தால் சுட்டுவிடும். ஆகவே உள்ளே அலுமினியம், மேலே தோல். தலையில் கியர் வரைபடத்தைச் செதுக்கச் சொன்னேன். ரிவர்ஸுக்கு விரலால் தூக்கும் வளையம் எங்கள் வண்டியில் உண்டு. புது நாப் அந்த வளையத்தை முட்டாமல் இருக்க அடிப்பாகத்தைக் குறுக்கினோம். பட்டறைக்காரர் கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குதுங்க" என்றார். அன்று முழுக்க அந்தச் சொல் என்னோடு இருந்தது.

பிறகு கன்சோல். அதைக் கழற்றி, பிளாஸ்டிக்கைச் சொரசொரப்பாக்கி, தோலைப் போர்த்தினேன். எஸ்.ஆர். 998 பசையை இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை காயவிட்டு, பிறகு அழுத்த வேண்டும். அழுத்தியபின் நகர்த்த முடியாது. கன்சோலுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் ஓர் இடுக்கு இருக்கும். அது என் கண்ணை உறுத்தியது. இரண்டையும் சேர்த்து ஒரே தோலாக இழுத்து ஒட்டினேன். ஒட்டு தெரியாமல், முதலிலிருந்தே ஒரே துண்டாகச் செய்தது போல அமைந்துவிட்டது. கன்சோலைக் கழற்றும் ஸ்குரூக்கள் எல்லாம் அந்தத் தோலுக்கு அடியில் போய்விட்டன. இனி அதைத் திறக்க வேண்டுமென்றால் தோலை வெட்டித்தான் திறக்க வேண்டும்.

ஒட்டுவதற்கு முன்னால், கியரின் அடியில் மெல்லிய வெளிச்சம் வர ஓர் எல்இடி பட்டையும் வைத்தேன். அதன் வயரைக் கொண்டுபோக இடைஞ்சலாக இருந்த ஒரு மஞ்சள் இணைப்பைக் கழற்றி, வயரை நுழைத்துவிட்டு, மறுபடி மாட்டினேன். கார்களில் மஞ்சள் வயரும் மஞ்சள் இணைப்பும் பெரும்பாலும் ஏர்பேக்குக்கு உரியவை. தொடாதே என்று சொல்லத்தான் அந்த நிறம். பல கார்களில் ஏர்பேக்கை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி இந்த கியர் கன்சோலுக்கு அடியில்தான், நடுத்தரையில் இறுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அங்கே கை வைப்பதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். பெட்டிக்குள் சேமித்து வைத்த மின்சாரம் அதன்பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். மாட்டும்போது பூட்டு முழுதாக விழுந்ததா என்று பார்க்க வேண்டும். நான் இரண்டையும் செய்யவில்லை. பசை காய்ந்துகொண்டிருந்தது, என் அவசரம் எல்லாம் அதன் மேல்தான்.

மறுநாள் காலையில் சாவியைத் திருப்பினேன். உட்கார்ந்திருக்கும் ஆளின் முன்னால் ஒரு பந்து இருப்பது போன்ற சிவப்பு விளக்கு எரிந்தது. சில நொடிகளில் அணைய வேண்டியது அணையவில்லை.

இதுவரை நடந்தது கவனக்குறைவு. அதற்காக நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அன்றைக்கே கையேட்டை எடுத்துப் பார்த்தேன். தெளிவாகவே இருந்தது: அந்த விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் ஏர்பேக் வேலை செய்யாமல் போகலாம், உடனே வண்டியைக் காட்டு. மோதும் நொடியில் சீட் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் கருவியும் அதே பெட்டியின் உத்தரவுக்குத்தான் காத்திருக்கிறது. மோதல் நடந்தபின் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்துக்குள் பை விரிந்து முடிய வேண்டும். மனிதர் யாரும் அதில் கை கொடுக்க முடியாது, வயர்தான் வேலை செய்ய வேண்டும். எல்லாவற்றையும் படித்தேன். கையேட்டை மூடினேன். தோலைத் தடவிப் பார்த்தேன். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டியைப் பூட்டினேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் அக்கா கேட்டாள். "தம்பி, கியரெல்லாம் ரொம்ப அழகா பண்ணிருக்கடா. ஆனா இந்த செவப்பு லைட்டு ஒண்ணு அணையவே மாட்டீங்குது. என்னன்னு பாரு."

"ஒண்ணுமில்லக்கா. சென்சார்ல தூசி. வண்டி ஓடறதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

கடைசி வாக்கியம் உண்மை. வண்டி ஓடுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லைதான். அந்தத் துளி உண்மையை முன்னால் வைத்து மற்றதை மறைத்தேன். அவள் நம்பினாள். வண்டி விஷயத்தில் என் பேச்சை அவள் எப்போதும் தட்டியதில்லை.

மாதங்கள் ஓடின. கிணத்துக்கடவு தாண்டிப் பறக்கும் பேருந்துகளுக்கும் தேங்காய் லாரிகளுக்கும் நடுவே அவள் தினமும் போய்வந்தாள். மழை பெய்யும் காலைகளில் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். சாயங்காலம் கேட் திறக்கும் சத்தம் கேட்டதும் நிம்மதி வரும். அந்த நிம்மதியே மறுநாளைக்கும் தள்ளிப்போட எனக்கு அனுமதி கொடுத்தது. நேற்று ஒன்றும் ஆகவில்லை, இன்றும் ஆகாது. ஒரு மணி நேர வேலை அது. ஆனால் அந்த வேலை என் தோலில் வெட்டு போட்டுத்தான் ஆரம்பிக்கும். ஒவ்வொரு முறையும் என் மனசு அந்த வெட்டைத்தான் பார்த்தது. ஒட்டு தெரியாத அந்தப் பரப்பு என் கண்முன் இருந்தது. அக்காவுக்கு ஏதாவது ஆகும் என்பது வெறும் சாத்தியமாக எங்கோ தூரத்தில் நின்றது. கையில் இருப்பதற்காகத் தூரத்தில் இருப்பதைப் பணயம் வைத்தேன், அதுவும் என் உயிரை அல்ல.

சர்வீஸ் நேரம் வந்தபோது அக்கா தானே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னாள். வேண்டாம், அலைச்சல், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சர்வீஸில் இருந்தவர் விளக்கைப் பார்த்துவிட்டு, "சார், ஏர்பேக் லைட் எரியுது, கன்சோலைப் பிரிச்சுப் பார்க்கணும்" என்றார். "அதை விட்டுடுங்க, ஆயில் மட்டும் மாத்துங்க" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அட்டையில் அதைக் குறித்து, கையெழுத்துக் கேட்டார். போட்டேன். அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

மகளை டியூஷனிலிருந்து அழைத்துவரக் காத்திருந்த ஒரு மாலையில் அக்கா கையேட்டை எடுத்துப் புரட்டியிருக்கிறாள். வந்ததும் அந்தப் பக்கத்தை விரித்து என் முன்னால் வைத்தாள். கோபத்தில் கத்தவில்லை. "இது உனக்கு முன்னாலயே தெரியுமாடா?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியாதுக்கா" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. தம்பிக்கே தெரியவில்லையே, நல்லவேளை நாம் பார்த்தோம் என்று சொன்னாள். அன்று இரவே ஒரு பட்டறையில் காட்டினோம். அந்த ஆள் பிளேடால் தோலைக் கோடு போட்டு அறுத்து, கன்சோலைத் தூக்கி, பாதி மாட்டிக் கிடந்த மஞ்சள் இணைப்பை அழுத்தினார். சொடக்கென்று பூட்டு விழுந்தது. பெட்டியின் நினைவில் பதிந்திருந்த கோளாறை ஸ்கேனர் வைத்து அழித்தார். விளக்கு எரிந்து, அணைந்தது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. "உன் வேலை வீணாப் போச்சேடா" என்று அக்கா எனக்காக வருத்தப்பட்டாள். நான் தலையை ஆட்டினேன்.

இப்போது, வீட்டில் கியர் பகுதியை மாற்றி அமைக்கும் பையன்கள் என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். நாபின் மரையையும் பூட் உறையின் அளவையும் சொல்லித்தருகிறேன். பேட்டரியைக் கழற்று, மஞ்சளைத் தொடாதே, ஸ்குரூவை எதனாலும் மூடாதே, திறக்க முடியாத எதையும் காரில் செய்யாதே என்கிறேன். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறீர்கள் என்று ஒருவன் கேட்டான். படித்துத் தெரிந்துகொண்டேன் என்று மழுப்பினேன். அதுவும் அக்காவிடம் சொன்ன மாதிரியான பதில்தான்.

ஒன்றும் நடக்கவில்லையே, ஏன் பழையதைக் கிளற வேண்டும் என்று பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விபத்து நடக்காமல் இருந்ததில் என் பங்கு எதுவும் இல்லை. அது அக்கா நிதானமாக ஓட்டியதால் நடந்தது. அந்தக் கணக்கை என் பெயரில் எழுதிக்கொள்ள எனக்கு உரிமை கிடையாது.

இந்தப் பத்திரிகையை அக்கா வாராவாரம் படிப்பாள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். முகத்துக்கு நேரே சொல்லும் தைரியத்தை இவ்வளவு காலம் தேடியும் எனக்குக் கிடைக்கவில்லை. அதுவும் என் குற்றம்தான்.

அக்கா, எனக்குத் தெரியும். விளக்கு எரிந்த முதல் நாளே அந்தப் பக்கத்தை நான் படித்துவிட்டேன். நீ கேட்டபோது தூசி என்று சொன்னது தெரிந்தே சொன்னது. சர்வீஸுக்கு உன்னை விடாமல் நானே போனது உன் அலைச்சலுக்காக இல்லை, அவர்கள் உன்னிடம் சொல்லிவிடுவார்கள் என்ற பயத்தில். நீயும் பாப்பாவும் அந்த வண்டியில் போன ஒவ்வொரு நாளும் எனக்குத் தெரியும்.