கரிசல் மண்ணில் சுற்றும் ராட்டினம்

பங்குனித் திருவிழா நேரத்தில் கோவில்பட்டிக்கு வந்து பாருங்கள். செண்பகவல்லி அம்மன் கோயில் தேரோட்டம், கடலைமிட்டாய்க் கடைகளில் கூட்டம் என்று ஊரே களைகட்டியிருக்கும். சுற்றுவட்டாரத்திலும் பங்குனி, சித்திரை பிறந்தால் கொடைக்கும் பொங்கலுக்கும் குறைவில்லை. மேடு பள்ளமில்லாத கரிசல் காடு என்பதால், எந்த ஊரில் ராட்டினம் போட்டாலும் அதன் விளக்குகள் நாலு ஊர் தள்ளியும் தெரியும். பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டால் அப்புறம் வீட்டில் இருக்கவிட மாட்டார்கள்.

இந்த ராட்சத ராட்டினமும் கொலம்பஸும் லாரியில் துண்டு துண்டாக வருபவை. கம்பியும் போல்ட்டும் பின்னுமாக இறங்கி, இரண்டு மூன்று நாளில் எழுந்து நிற்கும். திருவிழா முடிந்ததும் கழற்றி அடுத்த ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். பெரிய பூங்காவில் இருப்பது ஒரே இடத்தில் கான்கிரீட் போட்டு நிறுத்திய இயந்திரம். இதுவோ ஒவ்வொரு ஊரிலும் புதிதாகப் பிறக்கிறது. அதனால் எனக்கு ராட்டினத்தைவிட அதன் காலடியைப் பார்க்கத்தான் ஆசை.

கரிசலைப் பற்றி இங்கே வீடு கட்டியவர்களைக் கேளுங்கள். கோடையில் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் கையை விடலாம். ஒரு மழை பெய்தால் உப்பிக்கொண்டு சேறாகிவிடும். அஸ்திவாரத்தைச் சுக்கான் வரை தோண்டாமல் விட்டால் சுவர் விரிசல் விடும். அப்படிப்பட்ட மண்ணின் மேல் மரக்கட்டைகளை அடுக்கி ராட்டினத்தை நிறுத்துகிறார்கள். காலையில் மட்டமாக இருந்த கட்டை, சாயங்காலம் ஒரு கோடை மழைக்குப் பிறகும் மட்டமாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது.

சட்டம் இல்லாமல் இல்லை. கேளிக்கைக்காக மக்கள் கூடும் இடங்களுக்கு உரிமம் வேண்டும் என்ற சட்டம் மெட்ராஸ் மாகாணத்தில் 1888-லேயே வந்துவிட்டது. உலகின் முதல் ராட்சத ராட்டினம் சிகாகோவில் சுற்றியது 1893-ல்தான்! ராட்டினங்களின் பாதுகாப்புக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 15475 என்ற தரத்தையும் வெளியிட்டிருக்கிறது. ஆனால் தரம் என்பது வழிகாட்டி. அதைக் கட்டாயமாக்குவது உரிமம் தரும் அதிகாரியின் கையில் இருக்கிறது.

பூங்கா என்றால் பயமில்லை என்றும் சொல்ல முடியாது. 2016 மே மாதம் தாம்பரம் அருகே கிஷ்கிந்தாவில், சோதனை ஓட்டத்தின்போதே ராட்டினம் முறிந்து ஊழியர் ஒருவர் இறந்தார். 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியாவில் ஊஞ்சல் ராட்டினம் ஒன்று உடைந்து விழுந்ததில் உயிர்கள் போயின.

நமக்குப் பாடம் ராஜ்கோட்டில் இருக்கிறது. அதுவும் நம்மைப் போலப் பருத்தி விளையும் கறுப்பு மண் பூமிதான். 2024 மே 25 அன்று அங்கே விளையாட்டு அரங்கம் ஒன்று எரிந்து பலர் மாண்ட பிறகு, குஜராத் அரசு விதிகளை இறுக்கியது. அந்த ஆண்டு ஜன்மாஷ்டமி மேளாவில் ராட்டினத்துக்கு மண் பரிசோதனையும் கான்கிரீட் அடித்தளமும் கேட்டார்கள். ஐந்து நாள் மேளாவுக்குக் கான்கிரீட் போட்டால் கட்டுப்படியாகுமா என்று ராட்டினக்காரர்கள் கொதித்தார்கள். அவர்கள் கஷ்டமும் நியாயம்தான். ஆனாலும் மண்ணைப் பார் என்று சொன்ன அதிகாரியின் பக்கமே நான் நிற்பேன்.

அமெரிக்காவில் ஒரு வேடிக்கை. அங்கே மத்திய அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஊர் ஊராகப் போகும் ராட்டினங்களை மட்டும் கண்காணிக்கிறது. நிலையான பூங்காக்களை 1981 முதல் மாநிலங்களிடம் விட்டுவிட்டது. பிரிட்டனிலோ ராட்டினங்களை ஆண்டுதோறும் சுயேச்சையான பரிசோதகர் பார்த்துச் சான்று தர வேண்டும்.

இந்தப் பக்கத்து ஊர் ஒன்றில், டிக்கெட் கொடுத்த தம்பியிடம் "சர்டிபிகேட் இருக்கா?" என்று கேட்டேன். "எல்லாம் தாலுகா ஆபீஸ்ல குடுத்திருக்குண்ணே" என்றார். அந்தத் தாளின் நகலை டிக்கெட் கவுண்டரிலேயே ஒட்டினால் என்ன என்றேன். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே" என்று சிரித்துவிட்டு, அடுத்த சுற்றுக்கு ஆளைக் கூப்பிட ஆரம்பித்தார்.

பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன் ஒரு சுற்று நடந்து பாருங்கள். கட்டைகள் புதைந்திருக்கின்றனவா, தொட்டிக் கதவின் கொக்கியில் பின் இருக்கிறதா, ஓட்டுபவர் கையில் போன் இருக்கிறதா என்று கவனியுங்கள். முந்தின நாள் மழை பெய்திருந்தால், அன்றைக்குக் குதிரை ராட்டினமே போதும்.